கோப்புக்கும் ஒரு சிட்டா உண்டு

ஆகஸ்ட் மாதம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியின் ஆபீஸ். வெளியே மழை விட்டபாடில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு சிறு விவசாயி. அவர் கையில் நனைந்து காய்ந்த எடைச் சீட்டு: ஜூலை 14ஆம் தேதி 46 கிலோ பச்சை இலை. அந்தப் பக்கம் கணக்கர். அவருடைய திரையில் அதே தேதிக்கு 41 கிலோ. “மாசக் கணக்கு முடிச்சப்புறம் யாரோ கை வெச்சிருக்காங்க” என்கிறார் விவசாயி. “ஜூலை 31க்கு அப்புறம் இந்த ஃபைலை யாரும் தொடவே இல்லைண்ணா, இதோ தேதியைப் பாருங்க” என்கிறார் கணக்கர். வேறு வேலையாக கம்ப்யூட்டர் பார்க்கப் போன என்னை இரண்டு பேரும் சேர்ந்து பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டார்கள்.

அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது? ஃபோல்டரைத் திறந்தால் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் அளவும் நேரமும் வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கோப்புக்குள் போய்ப் படித்து யாரும் எடுப்பதில்லை. உள்ளே இருப்பது கணக்கா, கல்யாணப் பத்திரிகையா என்று தெரியாமலேயே அந்த விவரங்களைச் சொல்லிவிட முடியும். லினக்ஸ் இயங்குதளத்திலும் அதன் உறவினர்களிலும் இதற்கென்றே ஒரு சிஸ்டம் கால், அதாவது நிரல்கள் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அழைப்பு, இருக்கிறது. அதன் பெயர் ஸ்டாட். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின், 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் கையேட்டிலேயே அது இருக்கிறது.

எனக்கு இதை விளக்க சிட்டாவை விட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. ஒரு தோட்டத்தின் பரப்பு என்ன, யார் பெயரில் இருக்கிறது, புஞ்சையா நஞ்சையா என்று தெரிந்துகொள்ள யாரும் தோட்டத்துக்குள் இறங்கி நடப்பதில்லை. சிட்டாவை எடுத்துப் பார்த்தால் போதும். கோப்புக்கும் அப்படி ஒரு பதிவு வட்டில் (டிஸ்க்கில்) தனியாக இருக்கிறது. அதை ஐநோட் என்பார்கள். கோப்பின் வகை, உரிமையாளரின் எண், குழுவின் எண், அனுமதிகள், அளவு, நேரங்கள், தரவு வட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்ற குறிப்பு எல்லாம் அதில் உண்டு. ஒன்று மட்டும் இல்லை: கோப்பின் பெயர்.

முதல்முறை கேட்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். தோட்டத்தை ஊரில் ‘பெரிய காடு’ என்பார்கள், ‘தாத்தா தோட்டம்’ என்பார்கள். பதிவேட்டில் இருப்பது புல எண். அதே கதைதான் இங்கும். ஃபோல்டர் என்பது ‘இந்தப் பெயருக்கு இந்த ஐநோட் எண்’ என்று எழுதிவைத்த பட்டியல், அவ்வளவுதான். ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கலாம். எத்தனை பெயர்கள் என்ற கணக்கையும் ஸ்டாட் சொல்லும். புல எண் 112 பக்கத்து ஊரிலும் இருக்கும் அல்லவா? அதனால் ஊர்ப் பெயரும் சேர்ந்தால்தான் நிலம் எது என்று தெரியும். ஸ்டாட்டும் ஐநோட் எண்ணோடு அந்த வட்டுப் பகுதியின் எண்ணையும் சேர்த்துத் தருகிறது. இரண்டு பெயர்கள் ஒரே கோப்பையா குறிக்கின்றன என்று பார்க்க அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட வேண்டும். பேக்கப் எடுக்கும் நிரல்கள் செய்வதும் அதுதான்.

கோப்பை ‘அழிப்பது’ என்கிறோமே, உண்மையில் அழிவது ஒரு பெயர். பெயர்களின் எண்ணிக்கை பூஜ்யமாகி, எந்த நிரலும் அதைத் திறந்து வைத்திருக்காதபோதுதான் வட்டில் இடம் விடுபடும். இதே ஃபேக்டரியில் எடை மேடையின் மென்பொருள் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் கோப்பு ஒன்று ஊதிப் பெருத்து வட்டை நிரப்பிவிட்டது. யாரோ அதை அழித்தார்கள். பெயர் போயிற்று, இடம் வரவில்லை. மென்பொருள் அந்தக் கோப்பை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. ஃபோல்டர்களைக் கூட்டிப் பார்த்தால் பாதி வட்டு காலி, எழுதப் போனால் இடமில்லை என்ற பிழை. மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓடவிட்டதும் சரியாயிற்று.

சரி, கேட்பது எப்படி? சாதாரண நிரல் எதுவும் வட்டை நேராகத் தொட முடியாது, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். நிரல் கோப்பின் பாதையையும், விவரத்தை நிரப்பித் தர ஒரு காலிப் படிவத்தையும் கொடுத்து ஸ்டாட்டை அழைக்கிறது. கெர்னல் எல்லாவற்றுக்கும் மேலான ஃபோல்டரான வேரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஃபோல்டராகப் பெயரைத் தேடிக்கொண்டே போகும். அடிக்கடி போன வழி என்றால் நினைவகத்திலேயே இருக்கும், வட்டுக்குப் போகாது. வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைந்து கடக்கும் அனுமதி வேண்டும். ஆனால் கடைசியில் நிற்கும் கோப்பைப் படிக்கும் அனுமதி தேவையில்லை. சம்பளக் கணக்கைத் திறக்க முடியாத ஆளும் அது எவ்வளவு பெரியது, எப்போது திருத்தப்பட்டது என்று பார்த்துவிடலாம். பலருக்கு இது தெரியாது. ரகசியம் என்று நினைக்கும் கோப்பை யாரும் நுழைய முடியாத ஃபோல்டருக்குள் வைப்பதே நல்லது.

படிவம் நிரம்பினால் திரும்பி வரும் எண் பூஜ்யம். இல்லையென்றால் கழித்தல் ஒன்றும், கூடவே ஒரு பிழைக் குறியும். அந்தப் பெயரில் கோப்பு இல்லை, வழியில் அனுமதி இல்லை, ஃபோல்டர் என்று நினைத்தது ஃபோல்டரே இல்லை, பெயர் அளவுக்கு மீறி நீளம் என்று காரணங்கள் பல. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ‘கோப்பு இல்லை’ என்று செய்தி காட்டும் நிரல்களால் நான் வீணாக்கிய மதியங்கள் எத்தனையோ.

பெயரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. லினக்ஸ் கெர்னலுக்குப் பெயர் என்பது எழுத்தல்ல, பைட் வரிசை. ‘கோத்தகிரி’ என்று எழுதுகிறோம். முதல் எழுத்திலுள்ள ஓகாரக் குறியை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில், ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். அந்தக் குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 27 பைட், இரண்டாவது 30. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடு) பெயர்களைப் பிரித்தே சேமிக்கும், நம் விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்த்தே அடிக்கும். மேக்கிலிருந்து வந்த ‘கோத்தகிரி’ ஃபோல்டர் கண்ணெதிரே நிற்கும்போது, அதே பெயரைக் கையால் அடித்து ஸ்டாட்டிடம் கேட்டால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று வரும். ஒரு முறை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறேன். கொடைக்கானல்காரர்களுக்கும் கொலக்கம்பைக்காரர்களுக்கும் இதே தலைவலி உண்டு, ஒகரத்துக்கும் இந்த இரட்டை வேடம் இருப்பதால். குன்னூர் தப்பித்தது. இன்னொன்று: லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைகளில் பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆகவே 85 குறியீடுகள். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறியீடுகள் என்பதால், நீளமான தலைப்பை அப்படியே கோப்புக்குப் பெயராக வைத்தால் சீக்கிரமே முட்டும்.

ஸ்டாட்டுக்கு இரண்டு உடன்பிறப்புகள். கணக்கர் ‘நடப்பு மாதம்’ என்று ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார், அது ஜூலைக் கோப்பைச் சுட்டுகிறது. அதை ஸ்டாட்டிடம் கொடுத்தால் ஜூலைக் கோப்பின் விவரம் வரும். குறுக்குவழியின் விவரமே வேண்டுமென்றால் எல்ஸ்டாட். குறுக்குவழிகளோடு சேர்ந்து அது 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் வந்தது. ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கோப்பைப் பற்றிக் கேட்க எஃப்ஸ்டாட், அது முதல் கையேட்டுக் காலத்திலிருந்தே உண்டு.

எஃப்ஸ்டாட் எதற்கு, பெயரைக் கொடுத்தே கேட்கலாமே என்று தோன்றும். ஸ்டாண்டில் பஸ் நிற்கிறது என்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகிறீர்கள். திரும்பி வந்தால் அதே இடத்தில் வேறு பஸ். ஸ்டாட் சொன்ன பதில் அது சொன்ன அந்தக் கணத்துக்கு மட்டும்தான். ‘கோப்பு நம்முடையதுதான்’ என்று சரிபார்த்துவிட்டு அப்புறம் திறக்கும் நிரலில், அந்த இரண்டுக்கும் நடுவே அதே பெயரில் வேறொரு கோப்பை யாராவது நுழைத்துவிடலாம். பாதுகாப்பு ஓட்டைகளில் இது ஒரு பழைய ரகம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு ‘எந்த ஊர் போகுது’ என்று கேட்பது போல, முதலில் திறந்துவிட்டு எஃப்ஸ்டாட்டில் விசாரிப்பது பத்திரம். கைக்குள் இருக்கும் கோப்புக்குப் பதிலாக வேறொன்றை யாரும் வைத்துவிட முடியாது.

அளவிலும் ஒரு சூட்சுமம். ஸ்டாட் தருவது இரண்டு கணக்கு: கோப்பின் நீளம் பைட்டில், அது வட்டில் பிடித்திருக்கும் இடம் 512 பைட் கொண்ட துண்டுகளில். நாலு வரிக் குறிப்புகூட வழக்கமான எக்ஸ்ட்4இல் 4096 பைட்டை, அதாவது 8 துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இதற்குத் தலைகீழும் நடக்கும்: ஒரு ஜிகாபைட் தள்ளிப் போய் ஒரே ஒரு பைட்டை எழுதினால் நீளம் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல், பிடித்த இடமோ அதே 8 துண்டு. நடுவில் இருப்பது வெறும் ஓட்டை. படித்தால் பூஜ்யங்களாக வரும்.

இனி நேரம். அன்று அந்த ஆபீஸில் சண்டையே அதில்தானே.

யூனிக்ஸ் மரபில் மூன்று நேரங்கள். ஏடைம் கடைசியாகப் படித்த நேரம், எம்டைம் உள்ளடக்கத்தைக் கடைசியாகத் திருத்திய நேரம், சிடைம் சிட்டாவே, அதாவது ஐநோட் கடைசியாக மாறிய நேரம். சிடைமின் முதலெழுத்தைப் பார்த்து ‘உருவாக்கிய நேரம்’ என்று நினைக்காதவர் குறைவு. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உள்ளே ஓர் எழுத்தை மாற்றினால் எம்டைமும் சிடைமும் மாறும். அனுமதியையோ உரிமையாளரையோ மாற்றினால் சிடைம் மட்டும். எம்டைமை எந்தத் தேதிக்கு வேண்டுமானாலும் மாற்ற டச் என்ற சின்னக் கட்டளை போதும். சிடைமை அப்படி மாற்ற அழைப்பே கிடையாது. கணினியின் கடிகாரத்தையே திருப்பினால்தான் உண்டு.

ஏடைமை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நேரத்தை எழுதுவது வட்டுக்குப் பாரம். அதனால் 2009இல் வந்த லினக்ஸ் 2.6.30 முதல் வழக்கமான ஏற்பாட்டில், பழைய ஏடைம் திருத்திய நேரத்துக்கு முந்தியதாகவோ 24 மணி நேரத்துக்கு மேற்பட்டதாகவோ இருந்தால்தான் புதிதாக எழுதும். ‘நேற்று மதியம் யார் இதைத் திறந்து பார்த்தது’ என்று அதைக் கேட்பது வீண்.

கோப்பு பிறந்த நேரம்? வேடிக்கை என்னவென்றால் 1971இன் ஸ்டாட்டில் அது இருந்தது. பிறகு யூனிக்ஸ் அதைக் கைவிட்டது. விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் பதிவுசெய்தது, எக்ஸ்ட்4 தன் ஐநோட்டிலும் எழுதி வைத்தது, ஆனால் லினக்ஸில் நிரல்கள் அதைக் கேட்டு வாங்க நேரான வழி இல்லாமலிருந்தது. 2017இல் லினக்ஸ் 4.11 கொண்டுவந்த ஸ்டாட்எக்ஸ் என்ற புதிய அழைப்பு அந்தக் கதவைத் திறந்தது. எந்தெந்த விவரம் வேண்டும் என்று குறித்துக் கேட்கலாம் என்பதும் அதன் வசதி.

அன்று ஆபீஸின் லினக்ஸ் கணினியில் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து ஜூலைக் கோப்பின் மேல் அதே பெயருள்ள ஸ்டாட் கட்டளையை ஓட்டினேன். திருத்திய நேரம் ஜூலை 31, மாலை 6.10. சிட்டா மாறிய நேரம் ஆகஸ்ட் 6, காலை 11.22. பிறந்த நேரமும் ஆகஸ்ட் 6, காலை 11.22. விவசாயி முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா, ஆறாம் தேதி கை வெச்சிருக்காங்க!” பிறப்பதற்கு ஆறு நாள் முன்பே திருத்தப்பட்ட கோப்பு. ஜாதகம் பார்க்கிறவர்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். நடந்தது என்னவென்றால், ஆகஸ்ட் 6 அன்று பழைய விண்டோஸ் கணினியிலிருந்து எல்லாக் கோப்புகளையும் இந்தப் புதுக் கணினிக்கு மாற்றியவன் நானே. அதற்குப் பயன்படுத்திய நகலெடுக்கும் நிரலான ஆர்சிங்க் புதுக் கோப்பை உருவாக்கி, பழைய எம்டைமை அதன் மேல் பதித்துவிட்டுப் போயிருந்தது. அந்த ஃபோல்டரிலுள்ள அத்தனை கோப்புகளும் அதே காலையில்தான் ‘பிறந்திருந்தன’.

மாற்றாத கணினியிலும் இந்தக் குழப்பம் வரும். பல எடிட்டர்கள் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடும். பெயர் அதே, புல எண் வேறு, பிறந்த நேரம் இன்று.

“பென்டிரைவ்ல ஜூலை 31 அன்னைக்கே எடுத்து வெச்ச காப்பி இருக்கு சார்” என்று கணக்கர் மேஜை டிராயரைத் திறந்தார். செருகிப் பார்த்தால் திருத்திய நேரம் ஜூலை 31, இரவு 11.40. அறையில் சத்தமில்லை. “ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு ஆபீஸ்ல யாரு இருந்தா?” என்று விவசாயி மெதுவாகக் கேட்டார். கணக்கருக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும். 6.10க்கும் 11.40க்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள்: சரியாக ஐந்தரை மணி நேரம். பென்டிரைவ் ஃபேட் என்ற பழைய கோப்பு முறையில் இருந்தது. ஃபேட் நேரத்தைச் சுவர்க் கடிகாரம் காட்டுவது போல அப்படியே எழுதும், எந்த ஊர் நேரம் என்று குறிக்காது. விண்டோஸ் நம் ஊர் 6.10ஐ எழுதியது. அந்த லினக்ஸ் அமைப்பு அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, நமக்காக 5.30ஐக் கூட்டிக் காட்டியது. ஃபேட்டில் திருத்திய நேரம் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் நகரும், ஒற்றைப்படை நொடி அதில் நிற்காது. அதனால்தான் பென்டிரைவோடு ஒப்பிடும்போது சில நிரல்கள் எல்லாக் கோப்பும் மாறிவிட்டதாகக் கூச்சல் போடுகின்றன.

இவற்றுக்கெல்லாம் அடியில் கணினியின் கடிகாரம் சரியாக ஓட வேண்டும். மலையில் கரண்ட் போவது சகஜம். போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி செத்திருந்தால், கரண்ட் திரும்பும்போது கணினி ஏதோ ஒரு பழைய ஜனவரி 1இல் கண் விழிக்கும். அன்று எழுதும் கோப்பெல்லாம் அந்தத் தேதியில்தான் பதிவாகும்.

குன்னூரில் இருக்கும் தலைமை ஆபீஸின் சர்வரோடு இந்தக் கணினிக்கு ஒரு பொது ஃபோல்டர் உண்டு, வேறு கணினியின் கோப்புகளை நெட்வொர்க்கில் காட்டும் என்எஃப்எஸ் வழியாக. மழைக்காலத்தில் அந்த இணைப்பு தவழும். வெறும் பெயர்ப் பட்டியல் கேட்டால் சட்டென்று வரும். அளவும் தேதியும் சேர்த்துக் கேட்டால் திரை உறைந்துவிடும். பெயர்கள் ஃபோல்டரிலேயே கொத்தாகக் கிடைக்கும், விவரத்துக்கோ ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக ஸ்டாட் போக வேண்டும். ஆயிரம் எடைச் சீட்டு என்றால் ஆயிரம் கேள்வி. இதைத் தணிக்க லினக்ஸின் என்எஃப்எஸ் வந்த பதிலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொள்ளும்: கோப்புக்கு வழக்கமாக 3 முதல் 60 நொடி வரை. வேகம் கிடைக்கிறது, ஆனால் குன்னூரில் திருத்தியது இங்கே ஒரு நிமிஷம் பழைய தேதியோடு தெரியலாம்.

விவசாயிக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான். நிலத்துக்குச் சிட்டாவும் உண்டு, வில்லங்கச் சான்றும் உண்டு. யார் யாருக்கு எப்போது கைமாறியது என்று வில்லங்கத்தில் வரிசையாக இருக்கும். ஸ்டாட் தருவது சிட்டா மட்டும். கடைசி நிலைதான் தெரியும், அதற்கு முந்தியது தெரியாது. உரிமையாளர் யார் என்று சொல்லும், திருத்தியது யார் என்று சொல்லாது. வில்லங்கம் வேண்டுமென்றால் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும் ஏற்பாட்டை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். அங்கே இல்லை.

பதில் எடை மேடைப் பக்கத்துத் தடித்த நோட்டில் கிடைத்தது. ஜூலை 14: 46 கிலோ, ஈரக் கழிவு 5, நிகரம் 41. பேனாவில் எழுதியது. நனைந்த இலைக்குக் கழித்ததைச் சீட்டில் யாரும் குறிக்கவில்லை. “அஞ்சு கிலோவும் தண்ணியா?” என்று விவசாயி கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை, கணக்கரிடமும் இல்லை. மேனேஜர் வரட்டும் என்று உட்கார்ந்தார். டீ வந்தது.

“சார், அந்தப் பதினொன்னே முக்கால மட்டும் மாத்த முடியுமா? பாக்கிறவங்க தப்பா நினைப்பாங்க” என்றார் கணக்கர். பென்டிரைவ் காப்பியை கணினியில் ஒரு ஓரமாக இறக்கி, டச் கட்டளையில் ஜூலை 31, மாலை 6.10 என்று அடித்தேன். ஒரு நொடியில் திரையில் 6.10. கணக்கர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இவ்வளவுதானா? யாரு வேணும்னாலும் மாத்தலாமா?”

“மாத்தலாம்ணா.”

விவசாயி டம்ளரை வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தார். மறுபடி ஸ்டாட்டை ஓட்டினேன். திருத்திய நேரம் ஜூலை 31, மாலை 6.10. அதற்குக் கீழ் வரியில் சிட்டா மாறிய நேரம்: அன்றைய தேதி, மதியம் 12.51. சுவர்க் கடிகாரத்தை மூன்று பேரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தோம்.